வெள்ளவத்தைத் தொடர்மாடியில லாப்ரடோர் வளர்க்கலாமோ?

கடலோரம் | வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில நாலாம் மாடியில இருக்கிறம். நானும் அவரும், மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7, எங்கட அம்மாவும் எங்களோடதான். பிள்ளையள் ரெண்டும் ஒரு வருசமா லாப்ரடோர் குட்டி வேணுமெண்டு கேட்டுக்கொண்டு நிக்கினம். போன கிழமை ஒரு இடத்தில மஞ்சள் குட்டி ஒண்டைப் பாத்திட்டு வந்தம். மகன்ர மடியில ஏறிப் படுத்து நித்திரையாப் போச்சுது. அண்டிலயிருந்து எனக்கும் அதே யோசினைதான்.

நான் யாழ்ப்பாணத்தில நாய் நிண்ட வீட்டில வளந்தவள். ஆனா அது ஊர் நாய். வளவுக்குள்ள தன்ர பாட்டில திரியும், மிஞ்சின சோறு தின்னும், இரவில குரைச்சுக் காவல் காக்கும். இது அப்பிடி இல்லை எண்டு விளங்குது. எந்த அளவுக்கு எண்டுதான் தெரியேல்ல. கொழும்பு வெக்கை தாங்குமோ? வீட்டுக்குள்ளயே வைச்சிருக்கிறது பாவமோ? வளக்கிற ஆக்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.


நித்தி77 | பம்பலப்பிட்டி

வேண்டாம் அக்கா. குட்டியா இருக்கேக்க எல்லாருக்கும் விருப்பம். ஒரு வருசத்தில 30 கிலோ. பேந்து என்ன செய்யிறதெண்டு தெரியாம நிக்கிற ஆக்களை எங்கட கட்டிடத்திலயே கண்டிருக்கிறன்.


பழையதோணி | தெஹிவளை

தங்கச்சி, என்னட்ட இப்ப நிக்கிறது மூண்டாவது லாப்ரடோர். இருபத்தைஞ்சு வருசமா இந்த இனத்தோடதான் சீவியம். அதால கொஞ்சம் நீட்டி எழுதிறன், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல இது எங்கயிருந்து வந்ததெண்டு தெரிஞ்சால் மிச்சமெல்லாம் தானா விளங்கும். பேர் லாப்ரடோர் எண்டாலும் இதின்ர மூதாதையர் கனடாவின்ர நியூஃபவுண்ட்லாந்துத் தீவில, சென் ஜோன்ஸ் பக்கத்து மீன்பிடிக்காரரோட வாழ்ந்த தண்ணி நாயள். தூண்டிலால நழுவின மீனைக் கவ்விக்கொண்டு வாறது, கயித்தை இழுக்கிறது, பனி மிதக்கிற கடலுக்குள்ள குதிக்கிறது, இதுதான் அதுகளின்ர வேலை. மீன் ஏத்தின கப்பல்களோட இங்கிலாந்தின்ர பூல் துறைமுகத்துக்கு வந்துது. அங்க மால்ம்ஸ்பரி பிரபு குடும்பமும் ஸ்கொட்லாந்தில பக்ளூ பிரபு குடும்பமும் அதை வளத்து, சுட்டு விழுத்தின பறவையளை எடுத்து வாறதுக்குப் பழக்கிச்சினம். 1903-இல பிரித்தானிய கெனல் கிளப், அதாவது நாய் இனங்களைப் பதியிற சங்கம், தனி இனமா ஏற்றுக்கொண்டுது. அமெரிக்காவில 1991-இலயிருந்து 2021 வரைக்கும் பதிவு எண்ணிக்கையில முதலிடம் இதுக்குத்தான். ஆனா மூல இனமான அந்தத் தண்ணி நாய் இப்ப உலகத்தில இல்லை, 1980-களில கடைசி நாயளும் செத்துப்போச்சுது.

இனி உங்கட குட்டியைப் பாருங்கோ. விரலுக்கிடையில சவ்வு இருக்கும். வால் அடியில தடிச்சு நுனியில மெலிஞ்சு, நீர்நாயின்ர வால் மாதிரி, நீந்தேக்க சுக்கான் அதுதான். மயிர் ரெண்டு அடுக்கு: மேல சொரசொரப்பு, உள்ள பஞ்சு மாதிரி அடர்த்தி. தண்ணி உள்ள இறங்காது. வாய் மெத்தென்ற வாய். என்ர பெடியனிட்ட ஒரு பச்சை முட்டையைக் குடுத்தால் உடையாமல் கொண்டுவந்து கையில தருவான்.

இதெல்லாம் குளிர்க் கடலுக்குச் செய்த உடம்பு. அதைத்தான் நாங்கள் கொழும்புக்குக் கொண்டுவந்து வைச்சிருக்கிறம்.

இடம் சின்னன் எண்டது எனக்குப் பெரிய விசயமாத் தெரியேல்ல. பெரிய வளவில தனிய விட்ட லாப்ரடோர் கேற்றடியில படுத்துக்கொண்டு ஆள் எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டு கிடக்கும். அதுக்கு வளவு தேவையில்லை, ஆள்தான் தேவை. ஒருத்தரோட சேந்து வேலை செய்யிறதுக்கெண்டே நூறு வருசத்துக்கு மேல தெரிஞ்செடுத்து வளத்த இனம். வேலை குடுக்காட்டி தானே ஒரு வேலை கண்டுபிடிக்கும், அது அனேகமா உங்கட செருப்பும் கதிரைக் காலுமாத்தான் இருக்கும். முதல் ரெண்டு வருசம் சரியான துடிப்பு. நான் விடிய அஞ்சேகாலுக்கு இறங்கினால் ஆறேகால் மட்டும் நடை. பின்னேரம் பொழுது பட்டாப்பிறகு அரை மணித்தியாலம். மழை நாளில வீட்டுக்குள்ள ஒரு பழைய துவாயை ஒளிச்சு வைச்சு "தேடு" எண்டு விடுவன். பத்து நிமிசம் மூக்கால தேடினால் ஒரு நடை நடந்த மாதிரிக் களைச்சுப் படுக்கும்.

உங்கட வீட்டில விடியக்காலமை ஆர் இறங்குவினம்? பிள்ளையள் எண்டு சொல்லாதேங்கோ. அவைக்குப் பள்ளிக்கூடம்.


செல்வி | கொட்டாஞ்சேனை

வெக்கை பத்தி நான் சொல்றேன். எங்க ரோஜர் மஞ்சள் லாப்ரடோர், ஆறு வயசு. மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு ஏப்ரல் ஞாயித்துக்கிழமை, காலையில ஒம்பதரை மணிக்குக் காலி முகத்திடலுக்குக் கூட்டிட்டுப் போனேன். காத்து நல்லா அடிச்சுது, அதனால வெயிலோட கடுமை எனக்குத் தெரியல. அங்க நிழலும் கிடையாது. அவன் பந்துக்குப் பின்னால ஓடிட்டே இருந்தான். நிறுத்தணும்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. திடீர்னு மூச்சு கரகரன்னு வந்துச்சு, நாக்கு கருஞ்சிவப்பா மாறிருச்சு, பின்னங்கால் தள்ளாடிச்சு.

நான் ஓட்டோவைத்தான் தேடி ஓடினேன். அங்க இருந்த ஒரு காவல்கார ஐயா சிங்களத்துல "முதல்ல தண்ணி ஊத்துங்க"ன்னு சத்தம் போட்டு, குழாயை இழுத்துட்டு வந்து உடம்பு பூரா நனைச்சார். அப்புறமாத்தான் வைத்தியர்கிட்ட போனோம். அந்தத் தண்ணிதான் அவனைக் காப்பாத்துச்சுன்னு வைத்தியர் சொன்னார். அந்த ஐயாவை இன்னைக்கும் நெனச்சுக்குவேன்.

இப்போ காலையில ஆறரைக்குள்ள வீடு திரும்பிருவோம். கிளம்புறதுக்கு முன்ன புறங்கையைத் தார் ரோட்டுல வச்சுப் பார்ப்பேன். ஏழு செக்கன் வைக்க முடியலன்னா அவன் பாதமும் அங்க வைக்கக் கூடாது. வீட்டுல ஏசி கிடையாது. டைல்ஸ் தரையும் ஃபேனும்தான். பகல்ல குளியலறை வாசல்ல நீட்டிப் படுத்துக்குவான்.


கடலோரம் | வெள்ளவத்தை

செல்வி அக்கா, வாசிக்கவே நெஞ்சு பதறுது. ரோஜர் இப்ப சுகமா இருக்கிறது சந்தோசம்.

பழையதோணி அண்ணை, விடிய இறங்கிறது நான்தான். நான் எப்பிடியும் நாலரைக்கு எழும்புறனான். அவர் பின்னேரம் எண்டு ஒத்துக்கொண்டிட்டார்.

இன்னும் சில சந்தேகம். நாங்கள் பாத்த குட்டியின்ர நெஞ்சில ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்குது, அது கலப்பெண்டு என்ர சிநேகிதி ஒராள் சொல்லுறா. விக்கிறவர் "பேப்பர் இருக்கு" எண்டுறார். அவரிட்ட "சில்வர்" எண்டு சாம்பல் நிறக் குட்டி ஒண்டும் நிக்குது, அது அபூர்வமாம், விலை இன்னும் கூட. அம்மா கேக்கிறா, எங்கட சோறு கறியே குடுக்கலாமோ எண்டு.


கால்நடை வைத்தியர் | நுகேகொடை

நான் பேராதனையில் படித்து, இப்போது கொழும்பில் செல்லப் பிராணிகளைப் பார்க்கிறேன். கேள்விகளுக்கு வரிசையில்லாமல் பதில் எழுதுகிறேன்.

வெள்ளைப் புள்ளியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பழைய தண்ணி நாய்களுக்கு நெஞ்சிலும் பாதத்திலும் வெள்ளை இருந்தது. அதன் மிச்சம்தான் இது. நெஞ்சில் சிறு புள்ளியை இனத் தரவிதியே அனுமதிக்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட நிறங்கள் மூன்றுதான்: கறுப்பு, மஞ்சள், சொக்லேட். மஞ்சள் என்பதற்குள் வெளிர் பால் நிறத்திலிருந்து நரிச் சிவப்பு வரை அடங்கும். "சில்வர்" என்பது சொக்லேட் நிறத்தை வெளிறச் செய்யும் ஒரு பின்னடைவு மரபணுவின் (தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் மரபணு) விளைவு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. அப்படி நிறம் வெளிறிய நாய்கள் சிலவற்றுக்கு மயிர் கொட்டும் தோல் நோயும் வரும்.

"பேப்பர்" என்பது பரம்பரைக்கான பதிவு. இடுப்பு நல்லது என்று அது சொல்லாது. லாப்ரடோரை நொடிக்கச் செய்வது இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும்தான். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேளுங்கள். கேட்டால் முகம் மாறுகிறவரிடம் வாங்காதீர்கள். தாயை நேரில் பாருங்கள். அது நடக்கும் விதத்தையும் ஆட்களிடம் வரும் விதத்தையும் பாருங்கள். எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க விடாதீர்கள்.

வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடும் குட்டிக்கு மூட்டுத் தேயும். அது நடமாடும் இடத்தில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். எலும்பு முற்ற ஒரு வயதுக்கு மேலாகும், அதுவரை நாலு மாடி ஏற்றி இறக்க வேண்டாம், லிஃப்ட்டில் கொண்டுபோங்கள். இதே காரணத்துக்காகத்தான் இந்த இனத்துக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் ஆறு மாதத்துக்குள் அவசரப்பட்டுச் செய்வதில்லை.

கொழும்பில் நான் மிக அஞ்சுவது உண்ணிக் காய்ச்சல். முரசு வெளிறும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும், நாய் சோர்ந்து படுக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: சாப்பாட்டை மறுக்கும் லாப்ரடோர் நோயாளி. மறுநாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே கொண்டு வாருங்கள். விசர்நாய்த் தடுப்பூசி கட்டாயம். இங்கே வெள்ளம் நிற்கும் வாய்க்கால்களில் நடக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தேவை. தொங்கும் காது, ஈரக் காற்று இரண்டும் சேர்ந்தால் காது புண்ணாகும். குளித்தபின் காதை உலர்த்துங்கள்.

சோறும் அவித்த மீனும் பூசணியும் கொடுக்கலாம், ஆனால் அது மட்டும் குட்டிக்குப் போதாது. கல்சியம் குறையும். முதல் வருடம் பெரிய இனக் குட்டிகளுக்கான உணவே பாதுகாப்பு. கறி வேண்டவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவித்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் அளவு. கண்ணால் அளக்காதீர்கள், கோப்பையால் அளவுங்கள்.


மாமரத்தடி | கல்கிசை

டொக்டர் சொல்லுறது சரி எண்டாலும் எனக்கு மனசு கேக்குதில்லை. வாயில்லாச் சீவன். எங்கட வீட்டில ஆர் சாப்பிட்டாலும் பக்கத்தில இருந்து அந்தக் கண்ணால பாக்கும். அதுக்குக் குடுக்காமல் நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது? பசியெண்டு கேக்கிறதுக்கு இல்லையெண்டு சொல்லுறது பாவமில்லையோ? எங்கட டைசன் 41 கிலோ, நல்ல கொழுகொழுவெண்டு சந்தோசமா இருக்கிறான்.


பழையதோணி | தெஹிவளை

மாமரத்தடி, உங்கட மனசு எனக்கு விளங்குது. அதாலதான் இதை எழுதிறன். இதுவரைக்கும் ஆரிட்டயும் விபரமாச் சொன்னதில்லை.

என்ர முதல் லாப்ரடோர் ராஜன். எங்கட அம்மா அவனிலை உயிர். காலமை பட்டர் பூசின பாண், பத்து மணிக்கு ரெண்டு பிஸ்கட், மத்தியானம் அவவின்ர கோப்பையிலயிருந்து குழைச்ச கவளம், பின்னேரம் திருப்பி பாண். அவன் கேக்கிறான், அம்மா குடுக்கிறா. நான் பாத்துச் சந்தோசப்பட்டனான். 43 கிலோவுக்கு வந்தான். ஏழு வயதில பின்பக்கம் எழும்ப ஏலாமல் போச்சுது. நானும் தம்பியும் துவாயை வயித்துக்குக் கீழ குடுத்துத் தூக்கி வெளியில கொண்டு போவம். அவனுக்கு அது வெக்கமாயிருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுவான். ஒம்பது வயது முடியேல்ல, போயிட்டான். அம்மா கடைசி வரைக்கும் கேட்டவ, "நான் என்ன பிழை விட்டனான், அவனுக்கு நான் ஒண்டும் குறை வைக்கேல்லையே" எண்டு. அவவுக்கு நான் மறுமொழி சொல்லேல்ல.

இப்ப நிக்கிறவன் 29 கிலோ. பத்து வயது. போன மாதம் கடலுக்குள்ள குதிச்சுத் தடியெடுத்துக் கொண்டு வந்தவன்.


கால்நடை வைத்தியர் | நுகேகொடை

பழையதோணி ஐயா, எழுதியதற்கு நன்றி. இதை என் நோயாளிகளின் வீட்டுக்காரர்களுக்கும் காட்டுவேன்.

மாமரத்தடி அவர்களுக்கு இரண்டு விடயம். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாப்ரடோர்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவின் சிறு துண்டு இல்லாதிருப்பதைக் கண்டார்கள். "வயிறு காணும்" என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞை அதில்தான் இருக்கிறது. பிறகு 2024-இல் அதே குழு, அந்த நாய்கள் ஓய்விலிருக்கும்போது எரிக்கும் சக்தியும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்று காட்டியது. ஆக, அந்தக் கண் எப்போதும் கேட்கும். பசியில்லாவிட்டாலும் கேட்கும்.

மற்றது அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை பார்த்த ஆய்வு. 2002-இல் வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதுக்குக் கொடுத்தார்கள். குறைத்துச் சாப்பிட்ட பக்கத்தின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 வருடம், மற்றப் பக்கம் 11.2. மூட்டு வருத்தமும் பிந்தியே வந்தது.

டைசனின் விலாவில் கையை வைத்துப் பாருங்கள். அழுத்தாமல் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் கூட்டி வாருங்கள், ஆறு மாதத்தில் மெதுவாக இறக்கிவிடலாம்.


ஏழாம்மாடி | கொள்ளுப்பிட்டி

லிஃப்ட் பத்தி ஒருத்தரும் கதைக்கேல்ல. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கட கட்டிடத்தில ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. என்ர நாயை ஏழு மாடி நடத்தி இறக்கி ஏத்தினன், ஒரு நாளைக்கு மூண்டு தரம். கடையில நாய்ச் சாப்பாடும் இல்லை, இருந்ததும் வாங்கேலாத விலை. அப்பிடி ஒரு காலம் திருப்பி வந்தால் என்ன செய்வம் எண்டதை வாங்க முதலே வீட்டில கதைச்சு வையுங்கோ. தொடர்மாடிக் குழுவிட்ட எழுத்தில அனுமதியும் எடுங்கோ, வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.


நித்தி77 | பம்பலப்பிட்டி

அக்கா, நான் முதல் நாள் வேண்டாம் எண்டு வெட்டிச் சொன்னதுக்கு மன்னிக்கோணும். காரணம் இருக்குது.

எங்கட பக்கத்தில ஒவ்வொரு வருசமும் இதைக் காணுறன். கனடா விசா வரும். வீடு விக்கும், கார் விக்கும், தளபாடம் விக்கும். கடைசிக் கிழமையில நாயின்ர ஞாபகம் வரும். "ஆராவது எடுப்பினமோ" எண்டு படம் போடுவினம். ஆறு வயது, எட்டு வயது லாப்ரடோர்கள். அதுகளுக்கு ஆக்கள்தான் உலகம்.

இப்பவும் எங்கட மூண்டாம் மாடியில ஒரு குடும்பம் அடுத்த மாதம் போகுது. கறுப்புப் பெட்டை லாப்ரடோர், பேர் மினு, நாலரை வயது. குட்டியிலயிருந்தே தொடர்மாடிப் பழக்கம். லிஃப்ட்டில இருக்கச் சொன்னால் இருக்கும், சின்னப் பிள்ளையளோட வலு அமைதி. அவை அழுதழுது இடம் தேடினம். உங்களை வற்புறுத்தேல்ல. ஒருக்கா வந்து பாருங்கோ.


கடலோரம் | வெள்ளவத்தை

ரெண்டு நாளா வீட்டில இதே கதைதான். மகள் அழுதிட்டாள், அவளுக்குக் குட்டிதான் வேணும். மகன் கேக்கிறான், "அப்ப மினு எங்க போகும்?" எண்டு. நான் மறுமொழி சொல்லேல்ல. வளந்த நாய் எங்களோட ஒட்டுமோ, டொக்டர்?


கால்நடை வைத்தியர் | நுகேகொடை

ஒட்டும். நாய்க்கு நாலரை வயது நல்ல வயது. குட்டியில் மறைந்திருப்பதெல்லாம் இந்த வயதில் வெளியே தெரியும்: நடை, இடுப்பு, குணம், எடை. எடுக்குமுன் இடுப்பு எக்ஸ்ரேயும் உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் விரிப்பையும் கோப்பையையும் கழுவாமல் அப்படியே கொண்டு வாருங்கள், அந்த மணம் அதற்குத் துணை. முதல் கிழமை அதன் பழைய சொந்தக்காரரைக் கூப்பிட வேண்டாம். பழக ஏறக்குறைய மூன்று மாதம் கொடுங்கள்.


கடலோரம் | வெள்ளவத்தை

அஞ்சு கிழமை கழிச்சு எழுதிறன். மினு எங்கட வீட்டிலதான்.

முதல் இரவு வாசல் கதவைப் பாத்தபடி படுத்திருந்துது. நித்திரை கொள்ளேல்ல. சாப்பாடும் தொடேல்ல. நான் பயந்து அடுத்த நாளே வைத்தியரிட்டக் கொண்டு போனன், வருத்தம் ஒண்டுமில்லை, கவலைதான் எண்டார். ரெண்டாம் இரவு மகள் தன்ர தலகணியைக் கொண்டுபோய் வாசலடியில அதோட படுத்தாள். ஆரும் சொல்லேல்ல. மூண்டாம் நாள் விடிய அவளின்ர சப்பாத்தைக் கவ்விக்கொண்டு வந்து அவளின்ர காலடியில வைச்சுது. ஒரு பல்லடையாளம் இல்லை.

அம்மா முதல்ல சாமியறைப் பக்கம் வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டா. வாசல்படியில ஒரு பாயைப் போட்டு "இரு" எண்டு மூண்டு நாள் பழக்கினம். இப்ப அம்மா விளக்குக் கொளுத்த, பாயில இருந்து பாத்துக்கொண்டிருக்கும். சாப்பாடு அளக்கிறதும் இப்ப அம்மாதான். பழையதோணி அண்ணை எழுதினதை நான் வாசிச்சுக் காட்டினனான். ஒண்டும் சொல்லேல்ல, எழும்பிப் போய் அளவுக் கோப்பையை எடுத்துத் தன்ர அலுமாரியில வைச்சுக்கொண்டா.

ஒரு கேள்வி. மினு கடலை மணந்தால் நிக்குதில்லை, கயித்தை இழுக்குது. ஞாயிறு விடிய இறக்கலாமோ?


பழையதோணி | தெஹிவளை

தங்கச்சி, இப்ப இறக்காதேங்கோ. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் தென்மேல் காத்து, எங்கட பக்கக் கடல் இழுத்துக்கொண்டு போகும். நாய்க்கு நீந்தத் தெரியும், ஆனா கடலின்ர குணம் தெரியாது. டிசம்பர், ஜனவரியில கடல் படுத்தாப்பிறகு நீளக் கயிறு கட்டி, முழங்காலளவு தண்ணியில தொடங்குங்கோ. உப்புத் தண்ணி குடிக்க விடாதேங்கோ, வயித்தால போகும். நல்ல தண்ணி ஒரு போத்தல் கொண்டு போங்கோ. வீட்டை வந்து கழுவி, காதைத் துடையுங்கோ.

கடற்கரையோர றோட்டான மரைன் டிரைவைத் தாண்டினால் றெயில் பாதை. அங்க எந்தக் காரணத்துக்கும் கயித்தைக் கழட்ட வேண்டாம். காத்துச் சத்தத்தில றெயின் வாறது கேக்காது. நான் ரெண்டு பக்கமும் பாத்து, நாயை இருக்க வைச்சு, பேந்துதான் கடப்பன். அதுவரைக்கும் மினுவை விடிய அஞ்சரைக்கு மரைன் டிரைவ் நடைபாதையால கூட்டிக்கொண்டு வாங்கோ. நாங்கள் தெஹிவளைப் பக்கத்தால வருவம்.